இரண்டு வாரத்தில் என்ன கற்க முடியும்?

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் மூண்டது. எங்கள் தோழி ஒருத்தியின் அக்காள் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். அவர் கல்லூரியிலிருந்து வீட்டிற்கு ஒரு படிவம் வந்தது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இரண்டு வாரம் சென்று வணிகம் பயிலலாம். செலவு ஒன்றரை இலட்சம் ரூபாய். அக்காளின் தந்தை உப்பளத்தில் கணக்கர். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால்தான் அவ்வளவு பணம் புரட்ட முடியும். படிவத்தைப் படித்துவிட்டு அவர் ஒரே கேள்வி கேட்டாராம்: "இரண்டு வாரத்தில் என்னம்மா கற்றுவிட முடியும்?"

எங்களில் பாதிப் பேர் தந்தையின் பக்கம். மறுபாதி அக்காளின் பக்கம். வாதம் முற்றவே, கணினி அறையிலும் நூலகத்திலும் அமர்ந்து சில செய்திகளைத் தேடித் தொகுத்தோம். அவற்றைக் கொண்டு நாங்கள் வந்தடைந்த கருத்தையே இங்கு எழுதுகிறோம்.

அயல்நாட்டில் சென்று பயிலும் திட்டங்கள் நீண்டகாலப் படிப்பாகத்தான் தொடங்கின. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-ஆம் ஆண்டு ஜூலை மாதம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே ஒரு கல்வியாண்டைக் கழித்தனர். இன்றோ நிலைமை வேறு. 2018-19-ஆம் கல்வியாண்டில் 3,47,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்கள் வெளிநாடு சென்று பயின்றனர். அவர்களுள் 100-க்கு 60 பேருக்கு மேல் கோடை விடுமுறையிலோ, எட்டு வாரத்திற்கு உட்பட்ட காலத்திலோ சென்று திரும்பியவர்களே. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வணிகமும் மேலாண்மையும் பயில்பவர். ஓராண்டை முழுவதுமாக ஒதுக்கப் பாடத்திட்டமும் இடந்தராது, பணமும் இடந்தராது என்பதால் குறுகிய காலமே பலருக்கு வழியாயிற்று.

இன்னொரு செய்தி எங்களை மிகவும் மகிழ்வித்தது. அவ்வாண்டு சென்றவர்களில் மூன்றில் இருவர் பெண்கள்! பெண்பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் அனுப்புவது என்று தயங்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

சரி, அந்தக் குறுகிய காலத்தில் கற்கக்கூடியது என்ன? ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறோம். நம் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் மீன் ஏலத்தைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. ஒரு கூடை சீலா மீனுக்கு விலை கீழிருந்து மேலே ஏறும். கடைசிக் குரல் எவருடையதோ அவருக்கே மீன். நெதர்லாந்து நாட்டின் ஆல்ஸ்மீர் என்னும் ஊரில் புகழ்பெற்ற மலர் ஏலம் ஒன்று நடக்கிறது. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் பறித்த ரோஜாக்கள்கூட விமானத்தில் வந்து அங்கே விலைபோகின்றன. அங்கே விலை மேலிருந்து கீழே இறங்குகிறது! கடிகாரம் போன்ற ஒரு வட்டத்தில் விலை இறங்கிக்கொண்டே வரும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே பூ. அவசரப்பட்டால் விலை அதிகம். தாமதித்தால் பூவே இல்லை. ஒரே அழுத்தத்தில் விற்பனை முடிந்துவிடுவதால் வாடும் சரக்கு காத்திருக்க வேண்டியதில்லை.

இதைப் பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் எழுதிவிடலாம். நாமும் மனப்பாடம் செய்து நான்கு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் அதை நேரில் காணும் வணிக மாணவி ஊர் திரும்பித் திரேஸ்புரம் கரையில் நிற்கும்போது, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்பாள்: "மீனும் வாடும் சரக்குதானே? இங்கே ஏன் விலை ஏறுகிறது? எந்த முறையில் மீனவருக்கு நல்ல விலை கிடைக்கும்?" அயல்நாட்டை முழுவதும் அறிய இரண்டு வாரம் போதாது என்பது உண்மைதான். ஆயினும் சொந்த ஊரைப் புதிய கண்ணோடு பார்ப்பதற்கு இரண்டு வாரம் போதும் என்பதே எங்கள் கருத்து.

வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். கொரோனா பரவிய 2020-21-இல் வெளிநாடு சென்ற அமெரிக்க மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 14,500-ஆகக் குறைந்தது. உலகமே திரையில் படித்தது. தொடக்கப் பள்ளியில் இருந்த நாங்களும் கைப்பேசியில் பாடம் கேட்டவர்களே. பாடம் வந்து சேர்ந்தது; ஆனால் ஆசிரியையின் முகம் பார்த்து ஐயம் கேட்ட நாள் திரும்பியபோது எங்களுக்கிருந்த மகிழ்ச்சியை நாங்கள் மறக்கவில்லை. வணிகம் என்பதும் மனிதரோடு மனிதர் முகம் பார்த்துப் பேசுவதுதான் அல்லவா?

இனி, தந்தையின் பக்கத்து நியாயத்தையும் கூற வேண்டும். பின்னர் அந்தப் பயணத்தின் நிகழ்ச்சி நிரல் வந்தது. பதினான்கு நாளில் வணிகத்திற்கென ஒதுக்கியவை இரண்டே காலைப் பொழுதுகள்! மற்றவை கேளிக்கைப் பூங்காவும் கடைவீதியுமே. நம் ஊரிலிருந்து புறப்படும் கன்டெய்னர்களில் பல கொழும்பில் இறங்கிப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. இவ்வாறு சரக்கைக் கப்பல் மாற்றிவிடும் தொழிலில் உலகிலேயே முதலிடம் வகிப்பது சிங்கப்பூர்த் துறைமுகம். துறைமுக நகரத்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அந்த நிரலில் துறைமுகமே இல்லை! தந்தை நிரலை மடித்துக் கொடுத்து, "சுற்றிப் பார்ப்பதற்கு உன் அம்மாவின் சங்கிலி வேண்டாம், அம்மா" என்றாராம். அக்காள் அன்று இரவு சாப்பிடவில்லை என்று தோழி சொன்னபோது எங்களுக்கு அவர் தந்தையின்மேல் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், அவர் தடுத்தது சரியே என்று தோன்றுகிறது. குற்றம் இரண்டு வாரத்தில் இல்லை. அதற்குள் ஒன்றும் வைக்காத திட்டத்தில்தான் இருக்கிறது.

எனவே கல்லூரிகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, புறப்படுமுன் அந்நாட்டைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும். ஐரோப்பாவில் 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில், ஐந்து முதல் முப்பது நாள் வரை செல்லும் குறுகிய பயணங்களோடு இணையவழிப் பாடமும் சேர்ந்தே வருகிறது. இரண்டாவது, ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு செல்ல வேண்டும்; விடையைக் கட்டுரையாக எழுதித் திரும்பி வந்து, செல்ல இயலாத தோழியர் முன் வாசிக்க வேண்டும். மூன்றாவது, வசதியற்றோருக்கு உதவித்தொகை வேண்டும். அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ள குடும்பத்து மாணவர் வெளிநாடு சென்று பயில்வதற்கென்றே கில்மன் உதவித்தொகை 2000-ஆம் ஆண்டில் சட்டத்தால் ஏற்பட்டது. நம்மிடையேயும் அத்தகைய உதவி பெருக வேண்டும். சங்கிலி உள்ள வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் உலகம் திறக்குமானால் அது கல்வியாகாது.

அக்காள் இப்போது சும்மா இருக்கவில்லை. நம் ஊர்ச் சரக்கு ஏன் வழியில் கப்பல் மாறுகிறது, அதனால் ஏற்றுமதியாளருக்கு எத்தனை நாளும் எவ்வளவு பணமும் கூடுதலாகிறது என்று ஏற்றுமதி அலுவலகங்களில் விசாரித்துத் தம் கல்லூரிக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறார். மாலையில் அவர் தந்தையே ஸ்கூட்டரில் அழைத்துச் செல்கிறாராம். "அடுத்த ஆண்டு நல்ல திட்டம் வந்தால் சங்கிலியைப் பற்றி யோசிக்கலாம்" என்று அம்மாவும் சொல்லியிருக்கிறாராம்.

அன்புத் தோழியரே, நாமும் இன்னும் மூன்று ஆண்டுகளில் கல்லூரி மாணவிகளாவோம். அப்படி ஒரு படிவம் நம் வீட்டிற்கு வரும்போது, நம் தந்தையரும் அதே கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்கள். அன்று அழாமல் பதில் சொல்ல இன்றே ஆயத்தமாவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி