'பின்தங்கிய' என்னும் அடைமொழி

சென்ற ஆண்டு நகரத்தில் நடைபெற்ற ஒரு பேச்சுப் போட்டிக்குத் தாடிக்கொம்பிலிருந்து நாங்கள் ஐவர் சென்றிருந்தோம். எங்களை மேடையில் அறிமுகம் செய்தவர், "பின்தங்கிய பகுதியிலிருந்து வந்திருக்கும் மாணவியர்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கைதட்டலும் எழுந்தது, நாங்கள் வாய் திறப்பதற்கு முன்பே!

பெயரெச்சம் படித்த எங்களுக்கு அச்சொல்லை எளிதில் விட மனம் வரவில்லை. 'ஓடிய குதிரை' என்றால் ஓடியது குதிரை. அவ்வாறே 'பின்தங்கிய பகுதி' என்றால், பின்தங்கும் செயலைச் செய்தது அந்தப் பகுதியே என்றாகிறது. திண்டுக்கல்லைச் சுற்றிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது. அதை நிலமா செய்தது? கெடுத்தவருக்கு அச்சொல்லில் இடமே இல்லை.

'வறண்ட' என்பதும் இப்படித்தான். நம் ஊரை ஒட்டி ஓடும் குடகனாறு 1977-இல் பெருவெள்ளமாகி, வேடசந்தூர் அருகே அணையையே உடைத்துச் சென்றது. நம் பாட்டிமார் சொல்லும் 'வானம் பார்த்த பூமி' எவ்வளவோ மேல். அது நிலத்தைப் பழிக்கவில்லை; தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

"பெயர் எதுவானால் என்ன, பணம் வந்ததே" என்பார் பெற்றோரில் சிலர். உண்மைதான். 2007-இல் மத்திய அரசு தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதியில் நாட்டின் 250 மாவட்டங்கள் இடம்பெற்றன. தமிழகத்தில் ஆறு, அவற்றுள் திண்டுக்கல்லும் ஒன்று. உதவிக்குரிய இடத்தைக் குறிக்க அரசுக்கு ஒரு சொல் தேவை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 2015-இல் அந்நிதிக்கான மத்திய அரசின் உதவி நின்றது; அடைமொழி நிற்கவில்லை. கோப்பிலிருந்து இறங்கி மேடைக்கு வந்து, பிள்ளைகள்மேல் ஒட்டிக்கொண்டது.

2018-இல் விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். கேட்க இனிமைதான். ஆயினும் அங்கே எது குறை என்று அதுவும் சொல்லவில்லை. 'குடிநீர் கெட்ட ஊர்', 'பேருந்து போதாத ஊர்' என்று குறையைப் பெயர்சொல்லிக் கூறினால் என்ன? குறை தீர்ந்த அன்றே அந்தச் சொல்லை அடித்துவிடலாமே!

இவ்வாண்டுப் போட்டிக்கான விண்ணப்பத்தில் எங்கள் அறிமுகத்தை நாங்களே எழுதித் தந்தோம். தமிழாசிரியை படித்துப் பார்த்துப் புன்னகையுடன் கையெழுத்திட்டார். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'தாடிக்கொம்பு, திண்டுக்கல் மாவட்டம்.'