கேட்டால் விடை கூறும் பெட்டி



கணினியோடு உரையாடுவது நேற்றுத் தோன்றிய விந்தையன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்னும் அறிஞர், 1966-ஆம் ஆண்டிலேயே ‘எலிசா’ என்ற நிரலை வெளியிட்டார். எதிரில் இருப்பவர் சொன்னதையே பெரும்பாலும் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். பொருள் எதுவும் அதற்கு விளங்காது. அது உருவானதை அருகிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது உரையாடியதும், சற்று வெளியே செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாராம். இயந்திரத்திடம் பேசுவோருக்கும் மறைவு வேண்டியிருக்கிறது!

இன்று நம் இல்லங்களில் மகனின் குடிப்பழக்கமும் மாமியார் மருமகள் மனத்தாங்கலும் கைப்பேசி வழியே உரையாடிகளிடம் கொட்டப்படுகின்றன. அச்சொற்கள் எங்கோ உள்ள நிறுவனத்தின் கணினிகளைச் சென்றடைகின்றன. இதற்கு மாற்றாக, 2023 முதல் எவரும் இறக்கிக்கொள்ளத்தக்க மொழி மாதிரிகள் பல கிடைக்கின்றன. 700 கோடி எண்களாலான மாதிரி ஒன்று, சுருக்கிய வடிவில் ஏறத்தாழ 4 ஜிகாபைட் இடத்தில் அடங்கிவிடும். ‘ஒல்லாமா’ போன்ற இலவச நிரலின் துணையோடு, 8 ஜிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினியிலும் அதனை இயக்கலாம்.

பங்கின் இளைஞர் இருவரோடு நாமும் ஒன்றை நிறுவிப் பார்த்தோம். இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுக் கேள்வி கேட்பதே முதற்சோதனை. விடை வந்தது, மெல்ல மெல்ல, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல. தமிழ்ச் சொற்களை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துக் கையாள்வதால் ஆங்கிலத்தைவிடத் தமிழில் தாமதம் மிகுதி. (உரையாடல்கள் அக்கணினியிலேயே பதிந்திருக்கக்கூடும். ஊருக்கு மறைத்தது வீட்டாருக்குத் தெரியலாம்!)

அடுத்து, தேம்பாவணியை இயற்றியவர் யார் என வினவினோம். சற்றும் தயங்காது ‘கம்பர்’ என்றது. மீண்டும் கேட்டபோது ‘வள்ளலார்’ என்றது. வீரமாமுனிவர் அதன் நாவில் வரவேயில்லை. ‘அறியேன்’ என்ற சொல்லும் வரவில்லை. அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கோப்பதே அதன் தொழில். சிறிய மாதிரிகள், அதிலும் தமிழில், மிகுதியாகத் தடுமாறுகின்றன. இரகசியம் வீட்டுக்குள் தங்கியதால் விடை மெய்யாகிவிடாது.

இதற்குள் இளைஞருள் ஒருவர், தம் தாயார் உட்கொள்ளும் சர்க்கரை நோய் மாத்திரையைக் கூட்டலாமா என்று அதனிடம் கேட்கத் தட்டத் தொடங்கிவிட்டார். தேம்பாவணியைக் கம்பருக்குக் கொடுத்த பெட்டி அது என்று நினைவூட்டி, மருத்துவரின் சீட்டை எடுத்துவரச் சொன்னோம்.