பிளக் பாயிண்ட் இரைகிறது, காதை மூடிக்கொள்ளலாமா?



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. எங்கள் சாலில் பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தங்கை ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, பிளக் பாயிண்ட் கர்ர்ருனு இரையுது. தட்டினா நிக்குது, மறுபடியும் இரையுது. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை. அந்த அறைக்கு ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்தது. கை வைத்தால் சுட்டது. மெயினை அணைத்துவிட்டு, "எத்தனை நாளாம்மா இப்படி?" என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியிருந்தே" என்றாள். ஆறு மாதம்! அந்தச் சுவரில் சாய்ந்துதான் இரண்டு பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அதற்குக் கீழேதான் இரவில் பாய் விரிக்கிறார்கள். "இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். இஷ்டமில்லேன்னா காலி பண்ணுன்னுட்டார்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்சாரச் சாமான் போடுகிற எல்லாச் சத்தமும் ஆபத்தல்ல. நமக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். வினாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுவது. இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்டெபிலைசர், பழைய டியூப்லைட் சோக்கு ஆகியவற்றில் அந்தத் தகடுகள் வினாடிக்கு 100 முறை அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் 'உம்ம்' என்ற இரைச்சல். அது அந்தச் சாமானின் இயல்பு.

போன் சார்ஜர் வேறு ரகம். அதற்குள் மின்சாரம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பப்படுகிறது. பெரும்பாலும் அது நம் காதுக்கு எட்டாது. போன் முழுவதும் ஏறிவிட்டாலோ, போனே மாட்டாமல் சார்ஜர் சும்மா கிடந்தாலோ, சில சார்ஜர்கள் விட்டுவிட்டு வேலை செய்யும்; அப்போது மெல்லிய கீச்சொலி கேட்கும். வயதானவர்களுக்குக் கேட்காது, பிள்ளைகளுக்குக் கேட்கும். நல்ல சார்ஜரில் இது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கீச்சொலியோடு கை பொறுக்காத சூடும் தீய்ந்த வாடையும் சேர்ந்தால், அந்தச் சார்ஜரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றிக் குப்பையில் போடுங்கள்.

பிளக் பாயிண்ட் சங்கதியோ முற்றிலும் வேறு. அதற்குள் சோக்கும் இல்லை, மோட்டாரும் இல்லை. சில பித்தளைத் துண்டுகளும் திருகாணிகளும்தான். சத்தம் போட அதில் எதுவுமே இல்லை! அப்படியிருந்தும் சாமானைப் போட்டதும் அது இரைகிறது, கரகரக்கிறது என்றால் உள்ளே திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது பித்தளைப் பிடி தேய்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் பொறியாகத் தாவுகிறது.

பியூஸ் காப்பாற்றாதா?

நம்மில் பலருடைய நம்பிக்கை இது: "ஏதாவது ஆனால் பியூஸ் போய்விடும், சுவிட்ச் விழுந்துவிடும்." தோழர்களே, இந்த நம்பிக்கைதான் மிகப் பெரிய ஆபத்து. பியூஸும் எம்.சி.பி.யும் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால்தான் துண்டிக்கும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை. கொஞ்சம் குறையவே செய்யும். எனவே பியூஸுக்கு எதுவும் தெரியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும், அந்தப் புள்ளியில் சுமார் 19 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சிறிய சால்டரிங் கம்பியின் சூட்டுக்கு அது ஏறக்குறைய சமம். அப்படி ஒரு கம்பியைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, பலகைச் சுவரில் அறைந்து, பக்கத்தில் துணி தொங்கவிட்டிருக்கிறோம்! பியூஸ் மௌனமாக இருக்கும்போது நமக்கு எச்சரிக்கை சொல்பவை அந்த இரைச்சலும் சூடும் வாடையும்தான். அதைத் தட்டி நிறுத்துவது, காவல் நாயை அடித்து வாயை மூடுவது போன்றது.

செய்ய வேண்டியது என்ன?

இரைந்தால் தட்டாதீர்கள். மெயினை அணையுங்கள். நீங்களே திறக்காமல், உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றி ஒப்பேற்ற விடாதீர்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதுப் பிளக் பாயிண்ட் போடச் சொல்லுங்கள். சிறிய துளையுள்ள 6 ஆம்பியர் பாயிண்ட் ஏறக்குறைய 1400 வாட்டுக்குத்தான் தாங்கும். அதில் 1500 வாட் வெந்நீர்க் கம்பியையும் 2000 வாட் மின் அடுப்பையும் மாற்றுப் பிளக் வைத்துச் செருகுகிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சார்ஜர் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது துளைக்கு எர்த் ஒயர் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று ஒயர்மேனிடம் கேளுங்கள். பல அறைகளில் அந்தத் துளை வெறும் அலங்காரம்தான்.

"வீட்டுக்காரர் விடமாட்டாரே!"

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு மீட்டரிலிருந்து பத்து அறைக்கு ஒயர் இழுத்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் காசு வாங்குகிறார்கள். காசு வாங்கத் தெரிந்தவர்களுக்குத் திருகாணி முடுக்கத் தெரியவில்லை. கேட்டால், காலி செய் என்கிறார்கள். நாமும் வெளியூர்க்காரர்கள்தானே என்று வாயை மூடிக்கொள்கிறோம்.

வாயை மூட வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, வீட்டின் உரிமையாளர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் விண்ணப்பித்தால் மின் இணைப்பு தர வேண்டும் என்கிறது. வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்று இல்லை என்பதற்காக இணைப்பை மறுக்கக் கூடாது. மின்சாரம் அடிப்படை வசதி. விண்ணப்பித்தவர் அங்கே குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பெருநகரங்களில் 3 நாட்களுக்குள் இணைப்பு தர வேண்டும் என்பது 2024-இல் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதி. அதோடு, மின்சாரம் தரும் நிறுவனமே நுகர்வோர் இடத்தில் எர்த் முனை அமைத்துப் பராமரிக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

மீட்டர் நம் பெயரில் வந்தால் வீடு நம்முடையதாகிவிடாது. அந்தப் பயம் வீட்டுக்காரருக்கு வேண்டாம். ஆனால் நம் அறைக்கு வரும் ஒயர் யாருடைய பொறுப்பு என்ற குழப்பம் தீரும்.

"இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு ஒயரிங்?" என்று தாராவித் தோழர்கள் கேட்பார்கள். மறுசீரமைப்புத் திட்டத்துக்கு மாநில அரசு ஒப்புதல் தந்தது 2004-இல். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அன்று பாயில் கிடந்த குழந்தைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள். கட்டிடம் வருகிறபோது வரட்டும். இன்றிரவு நம் பிள்ளைகள் படுப்பது இந்தப் போர்டுக்குக் கீழேதான்.

இந்த மும்பையின் மாடிக் கட்டிடங்களுக்கு ஒயர் இழுப்பவர்களில் நம் பையன்களும் இருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பாயிண்டுக்கும் எர்த் கொடுத்துவிட்டு, இரவு எர்த் இல்லாத அறைக்குத் திரும்புகிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொந்தச் சாலுக்குக் கொடுங்கள். அறை அறையாகப் போய்ப் பாருங்கள். சூடேறும் பாயிண்டுகளைக் கணக்கெடுங்கள். தனி மீட்டர் வேண்டுவோர் பெயர்களைச் சங்கத்தில் கொடுங்கள். மராத்தியில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் படிவத்தை நிரப்பித் தர ஆள் இருக்கிறது. ஒருவர் தனியாகப் போனால் காலி செய் என்பார்கள். நாற்பது குடும்பம் சேர்ந்து விண்ணப்பித்தால் அப்படிச் சொல்ல நா எழாது.

அந்தத் தங்கையின் அறையில் மறுநாளே பாயிண்டை மாற்றினோம். ஆன செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குக்கூட வரவில்லை. கழற்றிய பழைய பெட்டியின் பின்புறம் கரியாகியிருந்தது. அதை அவளிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் வாங்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத பரணில் வைத்தாள். தனி மீட்டருக்கான படிவத்தில் எங்கள் சாலில் முதல் கையெழுத்து அவளுடையது.

அடுத்த கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்!