சுமை குறைந்த ஸ்காட்ச் முட்டை



வீட்டில் ஒருவருக்கு மட்டும் "பொரித்தவற்றைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்று முதல் அவ்வீட்டு உணவு மேசை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் மணமும் மொறுமொறுப்பும்; மறு பக்கம் வெந்த காய்கறியும் மௌனமும். நோயின் வேதனையைவிட இந்தத் தனித்தட்டின் வேதனையே சிலரை அதிகமாக வாட்டுகிறது. ஆகையால், ஓர் உணவை நோயாளிக்கென்று தனியே சமைப்பதைவிட, எல்லாரும் விரும்பும் உணவையே எல்லாரும் உண்ணத்தக்கதாக மாற்ற இயலுமா என்று பார்ப்பதே நலம். இம்மாதம் அதற்கு எடுத்துக்காட்டாக ஆங்கிலேயர் பெரிதும் விரும்பி உண்ணும் ஓர் உணவை எடுத்துக்கொள்வோம். இதில் ஏர் ஃப்ரையர் என்னும் கருவிக்கும் பங்கு உண்டு. ஆனால் விளம்பரங்கள் கூறும் அளவுக்கு அன்று.

அவ்வுணவின் பெயர் ஸ்காட்ச் முட்டை. அவித்து ஓடு நீக்கிய முட்டையைச் சாசேஜ் செய்வதற்குரிய பன்றி இறைச்சிக் கொத்தினால் முழுவதும் மூடி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் அமிழ்த்திப் பொரித்தெடுப்பார்கள். இரண்டாக நறுக்கினால் நடுவே பொன்னிறக் கரு, அதைச் சுற்றி வெண்மை, அதையும் சுற்றி இறைச்சி, வெளியே பழுப்பு நிற ஓடு. இங்கிலாந்தில் கோடைக்காலப் புல்வெளி விருந்துக்குக் கூடை கட்டும்போது இது பெரும்பாலும் இடம் பெறும். ஆறிய நிலையிலேயே கடுகுக் குழம்புடனோ ஊறுகாயுடனோ உண்பர். மதுவிடுதிகளிலும் இது கிடைக்கும்.

பெயரில் ஸ்காட்லாந்து இருப்பினும், அந்நாட்டில்தான் இது பிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. லண்டன் பிக்கடிலி வீதியிலுள்ள ஃபோர்ட்னம் அண்டு மேசன் என்னும் பழம்பெரும் கடை, நெடும்பயணம் செல்வோர் கையில் எடுத்துச் செல்வதற்காக 1738-இல் தானே இதை உண்டாக்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. முகலாயர் சமையலில் உள்ள நர்கிஸி கோஃப்தாவே இதன் மூலம் என்று கூறுவாரும் உளர். அதுவும் முட்டையைக் கொத்துக்கறியால் பொதிந்து செய்வதே. வெட்டிய முட்டை நர்கிஸ் மலரைப் போல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. இந்த வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முற்பட வேண்டியதில்லை. அச்சிலேறிய பழைய குறிப்புகளுள் ஒன்று மரியா ரண்டெல் அம்மையாரின் சமையல் நூலில், 1809-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளது. அங்கே இது சூடான குழம்புடன் பரிமாறப்படும் உணவாக இருக்கிறது. இறைச்சிக் கலவையில் சுரண்டிய பன்றித் தொடைக்கறியோ நெத்திலி இன மீனோ சேர்க்கச் சொல்லப்பட்டுள்ளது. பன்றி இறைச்சிக் கொத்து மட்டுமே இதற்கு உரியது, வேறெதுவும் கூடாது என்று பிடிவாதம் பிடிப்போர் இதனைக் கவனிக்கலாம்.

இவ்வுணவு ஒருமுறை அரசியல் மேடையும் ஏறிற்று. 2020-ஆம் ஆண்டு இறுதியில், கொரோனா கட்டுப்பாடுகளின்படி இங்கிலாந்தின் பல பகுதிகளில், முழு உணவுடன் மட்டுமே மது பரிமாறலாம் என்ற விதி வந்தது. ஒரு ஸ்காட்ச் முட்டை முழு உணவாகுமா என்ற வினா எழுந்தது. ஆகும் என்று கருதுவதாக அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ் கூறினார். மறுநாள் மைக்கேல் கோவ் என்னும் அமைச்சர் முதலில் அது வெறும் முன்னுணவே என்றார். அன்றே பின்னர் அது முழு உணவுதான் என்றும் சொன்னார். நாடு சிரித்தது. ஆனால் வயிற்றைக் கேட்டால் அது முழு உணவு என்றே சாட்சி சொல்லும்.

எங்கிருந்து வருகிறது இந்தச் சுமை? பலரும் எண்ணெய்ச் சட்டியையே குற்றவாளியாக நிறுத்துகின்றனர். கணக்கைச் சற்றே பார்ப்போம். சாசேஜ் இறைச்சியில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருப்பது வழக்கம். ஒரு முட்டையைப் பொதிய 80 கிராம் இறைச்சி எடுத்தால் அதிலேயே 16 கிராம் கொழுப்பு வந்துவிடுகிறது. முட்டையில் ஏறத்தாழ 5 கிராம். பொரிக்கும்போது ரொட்டித்தூள் உறிஞ்சும் எண்ணெய் இவற்றுடன் சேர்கிறது. ஆகவே, அதே இறைச்சியை அப்படியே ஏர் ஃப்ரையரில் வைத்துவிட்டு, "எண்ணெயில்லாமல் செய்தேன்" என்று மகிழ்வது, பெட்டியை இறக்காமல் குடையை மட்டும் இறக்கி வைத்துவிட்டு நடப்பது போன்றது. சுமையின் பெரும்பகுதி இறைச்சியில் இருக்கிறது. மாற்றமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியிலோ வான்கோழி நெஞ்சுக்கறியிலோ 100 கிராமுக்கு 3 கிராம் கொழுப்புக்கு மேல் பெரும்பாலும் இராது. அதைக் கொத்தி எடுத்துக்கொண்டு, ரொட்டித்தூளில் சிறிது எண்ணெய் மட்டும் கலந்தால், ஒரு ஸ்காட்ச் முட்டையின் மொத்தக் கொழுப்பு 10 கிராம் அளவில் நின்றுவிடும். பழைய முறையில் ஆவதில் பாதிக்கும் குறைவு. அன்றியும், கடைச் சாசேஜ் இறைச்சியில் உப்பு தாராளமாகச் சேர்ந்திருக்கும். வீட்டில் செய்தால் உப்பின் அளவு நம் கையில் இருக்கிறது.

ஆனால் கொழுப்பை நீக்குவோர் அது செய்துவந்த வேலைகளையும் நினைவில் கொள்ளவேண்டும். இறைச்சியை மிருதுவாக வைத்தது அது. மணத்தை நாவில் தங்கச் செய்ததும் அது. அதனை நீக்கிவிட்டு வேறொன்றும் செய்யாவிட்டால், கிடைப்பது உலர்ந்து வெடித்த, சுவையற்ற ஓர் உருண்டையே. "பத்தியச் சாப்பாடு" என்ற பெயர் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும்.

ஈரத்துக்கு வழி எளிது. நான்கு முட்டைகளுக்கு 320 கிராம் கோழிக் கொத்துக்கறி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி ரொட்டித்தூளை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து, அதனோடு சேருங்கள். அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசையுங்கள். உப்பு இறைச்சியிலுள்ள புரதத்தைச் சிறிது இளக்குவதால் கொத்துக்கறி பசைத்தன்மை அடைந்து ஒட்டிக்கொள்ளும். மேம்போக்காகக் கிளறிவிட்டு விடுவோர்க்கு ஓடு பிளந்துபோவதில் வியப்பில்லை.

மணத்துக்கு வழி மசாலா. ஆங்கிலேயரின் பழைய முறையில் ஜாதிபத்திரியும் வெள்ளை மிளகும் சேஜ் என்னும் மூலிகை இலையும் சேரும். இக்காலத்தில் மிளகாயும் மசாலாவும் கலந்த வகைகளும் அங்கே விரும்பி உண்ணப்படுகின்றன. கொழுப்பற்ற இறைச்சிக்கு இவ்வகையே பொருத்தம். ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சிறு சட்டியில் காயவைத்து, நசுக்கிய சீரகமும் மல்லியும் அரைத் தேக்கரண்டி வீதம், மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி, துருவிய இஞ்சி, ஒரு பல் பூண்டு ஆகியவற்றை அரை நிமிடம் வதக்கி, ஆறியபின் இறைச்சியில் சேருங்கள். காரமும் மணமும் தரும் பொருள்கள் பலவும் எண்ணெயில் கரைபவை. நீரில் எளிதில் கரையாதவை. ஆகவே இந்த ஒரு கரண்டி எண்ணெய் வீணன்று. இதனை மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம். பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் ஒன்றும் கொத்துமல்லித் தழையும், அரைத் தேக்கரண்டி கடுகுத்தூளும் சேர்க்கலாம். பச்சைக் கோழிக் கலவையை ஒருபோதும் நாவில் வைத்துச் சுவை பார்க்கவேண்டாம். ஒரு சிட்டிகையளவு எடுத்துத் தட்டிச் சட்டியில் வேகவைத்துச் சுவைத்து, உப்பு காரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சிறுவர்க்கு எனில் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டாமல் விடுவதே நல்லது.

இனி முட்டை. மஞ்சள் கரு இளகி வழியவேண்டும் என்பது இன்றைய நாகரிகம். இதில் ஒரு வரலாறு உண்டு. 1988 டிசம்பரில் சால்மொனெல்லா என்னும் கிருமி பற்றி எட்வினா கர்ரி என்ற இளநிலை அமைச்சர் வெளியிட்ட ஒரு கூற்றினால் பிரிட்டனில் முட்டை விற்பனை சரிந்தது. அவர் பதவி விலக நேர்ந்தது. பின்னர்க் கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் முறை பரவியது. 2017-இல் அந்நாட்டு உணவுத் தரக் கழகம், சிங்க முத்திரை பொறித்த பிரிட்டன் முட்டைகளைக் கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் முதியோரும்கூட இளகிய நிலையில் உண்ணலாம் என்று அறிவித்தது. அந்த உறுதி அந்த முத்திரைக்கு உரியது. மற்ற முட்டைகளுக்கு அதை நீட்டிக்கலாகாது. அப்படிப்பட்ட முட்டை கையில் இல்லாதவர்கள், கரு கெட்டியாகும்வரை 9 அல்லது 10 நிமிடம் அவிப்பதே முறை. முத்திரை உள்ளவர்கள் கொதிக்கும் நீரில் இட்டு 6 நிமிடத்தில் எடுக்கலாம். எவ்வாறாயினும் உடனே பனிக்கட்டி நீரில் போட்டு முற்றிலும் குளிரவிடுங்கள். பின்னர் ஓடு நீக்கி, துணியால் ஈரம் போகத் துடைத்து, மைதா மாவில் புரட்டுங்கள். ஈர முட்டையின்மேல் இறைச்சி பிடிக்காது. வெந்தபின் சட்டை போலக் கழன்று நிற்கும்.

கொத்துக்கறியை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு நெகிழித்தாள்களுக்கு இடையில் வைத்துத் தட்டையாகத் தட்டுங்கள். நடுவே முட்டையை வைத்து, தாளோடு சேர்த்து மூடி, இணைப்பு தெரியாதபடி ஈரக்கையால் தடவுங்கள். எங்கும் ஒரே கனம் இருக்கவேண்டும். மெலிந்த இடத்திலேதான் வெடிப்பு தோன்றும்.

இப்போது கருவியைப் பற்றி. ஏர் ஃப்ரையர் என்பது பொரிக்கும் சட்டியன்று. சிறிய, விரைவான அடுமனை. மேலே வெப்பச் சுருள், அதன் அருகே விசிறி, கீழே துளையுள்ள கூடை. சூடான காற்று உணவைச் சுற்றி வேகமாகச் சுழன்று மேற்பரப்பின் ஈரத்தை உலர்த்துகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவரின் வடிவமைப்பைப் பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. கொதிக்கும் எண்ணெய் உணவின் ஒவ்வொரு மடிப்பிலும் புகுந்து நிறம் ஏற்றும்; காற்று அவ்வாறு செய்யாது. எண்ணெய்ப் பசையற்ற ரொட்டித்தூள் அதில் வெண்திட்டுகளாகவே நிற்கும். பலர் கருவியைக் குறைகூறுவது இங்கேதான். இதற்குத் தீர்வு, ரொட்டித்தூளை முன்கூட்டியே சிவக்கவைப்பது. 80 கிராம் தூளில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் கலந்து, சட்டியில் இளம் பொன்னிறமாக வறுத்து ஆறவிடுங்கள். உருண்டைகளை மாவிலும், அடித்த முட்டையிலும், பின்பு இந்தத் தூளிலும் புரட்டி, உதிராதபடி கையால் அழுத்துங்கள். தளர்ந்த தூளை விசிறி அடித்துக்கொண்டு போய்விடும். நீர்த்த மாவுக்கரைசல் இக்கருவிக்கு ஆகாது. கூடை வழியே ஒழுகிவிடும்.

அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இறுகச் செய்து, 190 டிகிரி செல்சியஸில் முன்னரே சூடேற்றிய கூடையில் ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். 14 முதல் 16 நிமிடம் ஆகும்; பாதியில் கரண்டியால் மெல்லப் புரட்டுங்கள். பொன்னிறமே போதும், கரும்பழுப்பாக்க வேண்டாம். நிறத்தை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், ஏனெனில் தூள் ஏற்கனவே சிவந்தது. வெப்பமானியின் முனையை முட்டையில் குத்தாமல், இறைச்சிப் படலத்தில் பக்கவாட்டாகச் செருகிப் பாருங்கள். 75 டிகிரி காட்டவேண்டும். வெப்பமானி இல்லாதோர் ஒன்றை வெட்டிப் பார்த்து, இறைச்சியில் இளஞ்சிவப்பு சிறிதும் இல்லையென்று உறுதி செய்துகொள்க. கோழி இறைச்சியில் இதற்கு விலக்கு இல்லை. நெஞ்சுக்கறியைக் கொத்தும்போது மேற்பரப்பிலுள்ள கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுகின்றன.

இத்தனைக்கும் பின்னரும் இது காற்றைப் போல் இலேசான உணவாகிவிடாது. நடுவே முட்டை முட்டையாகவே இருக்கிறது. மஞ்சள் கருவை அளவோடு உண்ணுமாறு மருத்துவர் கூறியவர் பாதியோடு நிறுத்திக்கொண்டு, மறுபாதியை அருகிலிருப்பவர் தட்டில் வைத்துவிடலாம். புல்வெளி விருந்தில் அது யாருக்கும் குறையாகத் தோன்றாது. காடை முட்டையில் சிறியதாகச் செய்வதும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் முட்டையைவிட இறைச்சியே மிகுந்துவிடுவதால் நம் நோக்கத்துக்கு அது அவ்வளவு உதவாது.

உடன் உண்ண, கொழுப்பு மிகுந்த மயோனைஸுக்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் கடுகும் எலுமிச்சைச் சாறும் கலந்து வையுங்கள். மிஞ்சியதை ஆறிய உடனே மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் நிற்கும். மறுபடி சூடாக்கினால் இளகிய கரு கெட்டியாகிவிடும். ஆகையால் மறுநாள் ஆங்கிலேயரைப் போலவே குளிர்ந்தபடி நறுக்கி, ஊறுகாயுடன் உண்பது மேல்.