வாசல்ல கார் நிக்கோணுமாமா?

ரெண்டு வாரமா ஒண்ணும் எழுதலை. மஞ்சளுக்கு மூணாங்களை ஓடிட்டிருக்குது, அது ஒரு காரணம். மனசு சரியில்லை, அது இன்னொண்ணு. இன்னைக்கு எழுதறது கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். பொறுத்துக்கோங்க.

மகனுக்கு பொண்ணு பார்க்கறோம். வயசு 31. டிப்ளமா படிச்சுட்டு, திருப்பூர்ல நாலு வருசம் கம்பெனி வேலை பார்த்துட்டு, வேண்டாம்னு தோட்டத்துக்கே வந்துட்டான். நாலு ஏக்கர், ஒரு கிணறு, ரெண்டு கறவை மாடு, ஒரு பழைய டிராக்டர், அதுக்கு ஒரு ட்ரெய்லர். இதுதான் எங்க சொத்து. கடன்னு பார்த்தா சொசைட்டியில பயிர்க்கடன் மட்டும்.

போன மாசம் ஒரு ஜாதகம் பொருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க நாலு பேரு வீடு பார்க்க வந்தாங்க. நல்ல மனுசங்கதான், குறை சொல்லலை. வீட்டுக்காரம்மா காலையிலேயே கச்சாயம் சுட்டு வச்சிருந்தாங்க. வந்தவங்க திண்ணையில உக்காந்து சுத்தி ஒரு பார்வை பார்த்தாங்க. பொண்ணோட பெரியப்பா கேட்டாரு: “காரு எந்தப் பக்கமுங்க நிறுத்தறீங்க?”

“கார் இல்லீங்க, பைக்தான்”னு மகன் சொன்னான்.

அதுக்கப்பறம் பேச்சு மழையைப் பத்திப் போயிருச்சு. கிணத்தை யாரும் எட்டிப் பார்க்கலை. கட்டுத்தரைப் பக்கம் யாரும் போகலை. கச்சாயத்துல ஆளுக்கு ஒரு கடி. மூணாம் நாள் தரகர் போன் பண்ணுனாரு. “எல்லாம் புடிச்சிருக்குதுங்கண்ணா. ஒரு கார் மட்டும் வாசல்ல நிறுத்தீட்டீங்கன்னா முடிச்சரலாம். இப்ப வரியும் குறைஞ்சிருச்சுங்களே.”

வரி குறைஞ்சது வாஸ்தவந்தான். 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆச்சு. அதே நாள்ல டிராக்டருக்கு 12-ல இருந்து 5 ஆச்சு. அதைப் பத்தி எந்தத் தரகரும் எனக்கு போன் பண்ணலை.

சரின்னு ஒரு பேங்குக்குப் போய்க் கேட்டேன். பேரு வேண்டாம். கார்னு சொன்னதும் உக்காரச் சொன்னாங்க. வட்டி 9 சதவீதம், ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும்னாங்க. அதே மேசையில, “பழைய டிராக்டரைக் குடுத்துட்டு புதுசு எடுத்தா வட்டி எவ்வளவுங்க?”ன்னு கேட்டேன். 12-க்கு மேல சொன்னாங்க, தோட்டத்துப் பத்திரத்தையும் கேட்டாங்க. சம்பாரிச்சுக் குடுக்கற வண்டிக்கு வட்டி அதிகம், உக்காந்து தின்னற வண்டிக்கு வட்டி கம்மி. இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியலை. பேங்குல படிச்சவங்க போட்ட கணக்கு, நான் பள்ளிக்கூடத்தோட நின்னவன்.

ஆனா பால் கணக்கு எனக்கு நல்லாத் தெரியும். 7 லட்சம் கடன், 7 வருசம், 9 வட்டின்னா மாசத் தவணை 11,262 ரூபாய். 84 மாசம் கட்டி முடிக்கறப்ப 9 லட்சத்து 46 ஆயிரம் போயிருக்கும். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பர்ல லிட்டருக்கு 32-ல இருந்து 35 ஆச்சு. 2023 டிசம்பர்ல 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்துச்சு. ஆக 38 ரூபாய். தினம் 10 லிட்டர் ஊத்துனா மாசம் 11,400. அதாவது தவணைக்கு மட்டும் தினமும் 10 லிட்டர் பால்.

எங்க ரெண்டு மாடும் சேர்ந்து கறக்கறது 18 லிட்டர். வீட்டுக்காரம்மா விடியக்காலம் நாலரை மணிக்கு எந்திரிச்சுக் கறக்கற பால்ல பாதிக்கு மேல அந்த கார் குடிச்சுரும். கன்னுக்குட்டிக்குக் கூட நாங்க அவ்வளவு விடறதில்லீங்க. மிச்சம் இருக்கற 8 லிட்டர்ல தவிடு, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, டாக்டர் செலவு எல்லாம் பார்க்கோணும். பெட்ரோல், இன்சூரன்ஸ் நான் இன்னும் எழுதவே இல்லை.

“உனக்கு கார் ஓட்டி அனுபவம் இல்லை, அதுதான் இப்படிப் பேசறே”ன்னு நினைக்காதீங்க. நானும் வாங்குனவன்தான்.

2010 கடைசி, 2011 ஆரம்பத்துல ஈரோட்டு மார்க்கெட்ல மஞ்சள் குவிண்டால் 17,000 வரைக்கும் போச்சு. அந்த வருசம் நம்ம பக்கம் இட்டேரிக்கு இட்டேரி கார் வந்துச்சு. மஞ்சள் மூட்டையை டிராக்டர்ல கொண்டு போனவன் திரும்பி வர்றப்ப கார்ல வந்தான்னு கேலி பேசுவாங்க. நானும் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு பழைய கார் ஒண்ணு எடுத்தேன். வீட்டுக்காரம்மா அரிசி டப்பாவுக்குள்ள சேர்த்து வச்சிருந்த சிறுவாட்டுக் காசு 40,000-மும் அதுல போச்சு. கேட்டதும் எடுத்துக் குடுத்துட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுனதில்லை. அதுதான் எனக்கு உறுத்துது.

மஞ்சள் பத்து மாசப் பயிர். விலை ஏறுன வருசம் எல்லாரும் மஞ்சள் வைப்பாங்க. வெட்டி வேக வச்சுக் காயப் போடறப்ப விலை இருக்காது. 2012-ல குவிண்டால் 4,000 பக்கம் வந்து நின்னுச்சு. கார் வாசல்ல நின்னுச்சு, பெட்ரோல் போடக் காசு இல்லை. 2013-ல 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வித்தேன்.

என் பங்காளி ஒருத்தரு அதே மஞ்சள் பணத்துல கிணத்தை ஆழப்படுத்தி, சொட்டுநீர் போட்டாரு. “பொழைக்கத் தெரியாத மனுசன்”னு ஊரே சிரிச்சுது, நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். 2016-ல ஐப்பசி மழை பொய்ச்சுது. 2017 ஜனவரியில தமிழ்நாடு பூராவும் வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. அந்த வருசம் என் தென்னையில 30 மரம் மொட்டையா நின்னுச்சு. அவரு தோப்புல ஒரு மரம் சாகலை. அந்த 30 மரத்தைத்தான் நான் கார்ல ஏத்தி ஓட்டீட்டேன்னு இப்பத் தெரியுது.

மஞ்சள் மறுபடியும் பத்தாயிரத்துக்கு மேல விக்குது. மறுபடியும் கார் பேச்சு வருது. அதுதான் பயமா இருக்குது.

எங்க அப்பாரு காலத்துல கூண்டு வண்டி இருந்துச்சு. பழனிக்கு அதுலதான் போவோம். கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, ராத்திரி வண்டிக்கு அடியிலயே படுத்துக்கிட்டு. ஊருக்கு வந்ததும் கூண்டைக் கழட்டி வச்சுட்டு அதே வண்டியில எரு அடிப்பாரு. இன்னைக்கு எங்க ட்ரெய்லரும் அப்படித்தான் மண் அடிக்குது, மஞ்சள் ஏத்துது, சும்மா இருக்கற நாள்ல வாடகைக்குப் போகுது. முன்னெல்லாம் கோயில் விசேசத்துக்கு சனத்தையும் ஏத்திக்கிட்டுப் போவோம். இப்ப சட்டப்படி அது கூடாது, கூடாதுங்கறதும் சரிதான். எத்தனையோ பேரு கவுந்து செத்திருக்காங்க.

போன கோடையில வாய்க்கா மேட்டுல ஒரு கேரவன் வந்து நின்னுச்சு. உள்ளயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருக்குது. குடும்பமா வந்திருந்தாங்க, எங்க தோப்புல ரெண்டு நாள் தங்குனாங்க. “என்ன காத்து, என்ன நிம்மதி, இப்படி ஒரு வாழ்க்கை கிடைக்குமா”ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாங்க. கிடைக்குமுங்க. உங்க பொண்ணை இந்தத் தோட்டத்துக்குக் குடுங்க, ஆயுசு பூராவும் கிடைக்கும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரம்பரைகிட்டப் பேசற பேச்சில்லைன்னு கம்முனு இருந்துட்டேன். இன்னைக்குத்தான் சொல்றேன்.

கார் வந்தா கூடவே ஹோட்டலும் வரும், அதையும் சொல்லீர்றேன். சாப்பாட்டுக்கு நான் எதிரி இல்லை. வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்குப் போனா, அந்தப் பக்கத்துல ஒரு சின்ன மெஸ்ல நாலு இட்லியும் குடல் குழம்பும் தின்னாம நான் திரும்பறதில்லை. பள்ளிபாளையம் சிக்கன்னா உசுரு. காஞ்ச மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு ஆத்துக்கு அக்கட்ட செய்யறது தனி ருசி. ஆனா 2011-ல கார் இருந்த அந்த வருசம், ஞாயித்துக்கிழமையானா வண்டியை எடுத்துக்கிட்டு பைபாஸ் ரோட்டுக்குப் போயிருவோம். வீட்ல அரிசீம்பருப்புச் சாதம் ஆறிக் கிடக்கும். இன்னைக்கு அதே மாதிரி நாலு பேரு போய்ச் சாப்பிட்டா பில்லு 1,600. பால் கணக்குல 42 லிட்டர். எங்க மாடு ரெண்டும் ரெண்டு நாளைக்கு மேல கறக்கோணும்.

“ராத்திரி நெஞ்சு வலின்னா என்ன பண்ணுவே?”ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எங்கப்பாவுக்கு அப்படி ஆனப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரரு கார்லதான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். அந்த நன்றி எனக்கு உண்டு. இன்னைக்கு 108 இருக்குது, ஊருக்குள்ள வாடகைக் கார் மூணு இருக்குது. தினமும் ஓட்டறவங்க, பொழப்புக்கு வேணுங்கறவங்க தாராளமா வாங்கட்டும். நான் சொல்றது ஊரு பார்க்கறதுக்காக வாசல்ல நிறுத்தற காரை. ஊர் கண்ணுக்கு அது சொத்து, என் கண்ணுக்கு அது கடன். சீட்டுக்கு மேல போர்த்தின பிளாஸ்டிக் கவரைக் கூடக் கழட்டாம, கிளுவை வேலி கீறீரும்னு இட்டேரிக்குள்ள எடுக்காம, தவணை மட்டும் மாசாமாசம் ஓடற கார் எங்க ஊர்லயே நாலு இருக்குது.

பொண்ணு வச்சிருக்கறவங்க இதைப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கறேன். கோயமுத்தூர்ல இருந்தாலும் சரி, சென்னையில இருந்தாலும் சரி. அடுத்த தடவை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனா, நேரா கட்டுத்தரைக்குப் போங்க. மாடு எலும்பும் தோலுமா இருக்குதா, பளபளன்னு இருக்குதான்னு பாருங்க. கிணத்தை எட்டிப் பாருங்க. பையன்கிட்ட “கடன் எவ்வளவு தம்பி இருக்குது?”ன்னு நேராக் கேளுங்க. அவன் வெக்கப்படாம பதில் சொன்னா, பொண்ணு நல்லா இருக்கும். கார் கேட்டு வாங்குனீங்கன்னா, அந்தத் தவணையை நாளைக்கு உங்க பொண்ணும்தான் பால் கறந்து கட்டும்.

தரகருக்கு முடியாதுன்னு சொல்லீட்டேன். மகன் ஒண்ணும் சொல்லலை. “சரிங்கப்பா”ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த “சரி”யை நினைச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. நான் புடிச்ச புடியில அவன் வாழ்க்கை தள்ளிப் போகுதோன்னு வெசனமா இருக்குது. ஆனாலும் விடியக்காலம் பால் செம்போட கட்டுத்தரைக்குப் போற அம்மாவைப் பார்த்துட்டு அவனே போய் கன்னை அவுத்துக் கட்டறான். அதைப் பார்க்கறப்ப நான் சொன்னது தப்பில்லைன்னு தோணுது.

பால் வண்டி வர்ற நேரமாச்சு. வர்றனுங்க.