சத்தம் எப்போது வருகிறது?

ஜீப்பில் "ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பட்டறையில் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது, டாக்டரிடம் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது மாதிரிதான். மெக்கானிக் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பணம் நம்முடையது.

கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் நண்பரின் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புக்கு இதுதான் நடந்தது. கியர் பாக்ஸை இறக்கி பேரிங் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. எப்போது வருகிறது என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்: வண்டியை நகர்த்தும்போது ஒரு 'டங்', ரிவர்ஸ் போட்டால் இன்னொரு 'டங்', மெதுவாகப் போகையில் கீச் கீச்.

பேரிங் அப்படிப் பேசாது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு, அடியில் படுத்து பின்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தோம். ஜாயிண்ட் கிராஸ் ஆடியது. கிரீஸ் பார்த்து எத்தனை நாளாயிற்றோ, துருப்பொடி கொட்டியது.

இது காசு விஷயம் மட்டுமல்ல. அந்தப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. டூ வீலில் இறங்கும்போது அந்த ஷாஃப்ட் கழன்றால் இன்ஜின் பிடிப்பும் போச்சு, ஹேண்ட் பிரேக்கும் போச்சு. மிச்சம் கால் பிரேக் ஒன்றுதான். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்!

விடாத 'உம்ம்' சத்தம் வேறு ரகம். பாட்டை நிறுத்துங்கள். (இப்போதைய பிள்ளைகளுக்கு இதுவே பெரிய தண்டனை.) கண்ணாடியை இறக்கிவிட்டு, காம்பவுண்டு சுவர் ஓரமாக ஓட்டினால் சத்தம் எதிரொலித்துத் தெளிவாகக் கேட்கும். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம்; மண் ரோட்டுக்கான முரட்டு டயர் தார் ரோட்டில் முனகத்தான் செய்யும். இடது பக்கம் வளையும்போது கூடினால், பெரும்பாலும் வலது ஹப் பேரிங். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, விட்டால் தொனி மாறினால் கிரவுனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காய்ந்த தார் ரோட்டில் திரும்பும்போது ஸ்டீயரிங் கனத்து, டயர் தேய்கிற சத்தம் வருகிறதா? முதலில் ஃபோர் வீல் லீவரைப் பாருங்கள். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இந்த ஜீப்பில் இரண்டையும் பூட்டிவிட்டால் விட்டுக்கொடுக்க வழியில்லை. சேற்றிலிருந்து ஏறியதும் லீவரைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும். இதற்கும் பட்டறைக்குப் போய்ப் பணம் கட்டியவர்கள் உண்டு.

என்ன வேகம், என்ன கியர், நேரிலா வளைவிலா, டூ வீலிலா ஃபோர் வீலிலா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். சீட்டைப் பார்த்ததும் சிரிக்கிற மெக்கானிக்கிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.