சிப்பிகாட்டில் இருப்பது ஏரி இல்லைங்க

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் எல்லோரும் போடுகிற டூர் புரோகிராம் ஒன்றுதான். முதல் நாள் செல்லுலார் ஜெயில், சாயங்காலம் ஒலி-ஒளி காட்சி. மறுநாள் ராஸ் தீவு. அப்புறம் கப்பல் பிடித்து ஹேவ்லாக். (2018-ல் இந்த ரெண்டுக்கும் பெயர் மாற்றியாச்சு. நம்ம வாயில் பழைய பெயர்தானே வருது!) கடைசி நாள் சிப்பி, சங்கு வாங்கிக்கொண்டு ஏர்போர்ட்.

தப்பே இல்லை. ஆனால் பத்துபஸ்தி பக்கம் குடியிருக்கிற நாம் இன்னொரு இடத்தையும் கட்டாயம் காட்டணும் என்பது என் கட்சி. விருந்தாளிகளுக்கு மட்டுமல்ல, முக்கியமாக நம் பிள்ளைகளுக்கு.

காராச்சர்மா தாண்டி வண்டூர் ரோட்டில் போனால் சிப்பிகாட் வரும். பரந்து கிடக்கிற தண்ணீர், கொக்குகள், ஓரத்தில் அலையாத்திச் செடிகள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தமான் டீல் என்ற சின்ன வாத்தும் சில சமயம் கண்ணில் படும். இந்தத் தீவுகளை விட்டால் அதை வேறெங்கும் பார்ப்பது அபூர்வம். புதிதாக வருகிறவர்கள் "என்ன அழகான ஏரி!" என்று போட்டோ எடுப்பார்கள்.

ஏரி இல்லைங்க. அது வயல்.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ரா அருகே கடலடியில் தொடங்கிய விரிசல், அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அதில் நம் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. வடக்கே திக்லிபூர் பக்கம் தரை மேலே எழும்பி, பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. மற்ற இடங்களில் சுனாமி வந்தது, போனது. இங்கே தரையே தாழ்ந்துபோனதால் கடல் போகவே இல்லை. நெல்லும் காய்கறியும் விளைந்த நிலத்தில் இன்றைக்கும் அலையேற்றத்தின்போது உப்புத்தண்ணீர் ஏறுகிறது. பறவைக்கு அது லாபம், சரி. அந்த விவசாயிக்கு?

2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது காலேஜ் போகிறார்கள். அவர்களுக்கு அது பிறந்ததிலிருந்தே தண்ணீர். யாரும் சொல்லாவிட்டால் ஏரி என்றே நினைத்து வளர்வார்கள்.

ஜப்பானில் அனெயோஷி என்று சில வீடுகளே உள்ள ஒரு கடலோரக் குக்கிராமம். 1896-லும் 1933-லும் சுனாமியில் அழிந்த ஊர். இதற்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று ஒரு கல்லில் செதுக்கி மேட்டில் நட்டார்கள். கோயில் இல்லை, கோபுரம் இல்லை, வெறும் கல். 2011 சுனாமியில் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் பிழைத்தன. கல் மட்டுமா காப்பாற்றியது? தாத்தா பேரனுக்குச் சொன்னதும், பேரன் அதைக் கேட்டதும்தான்.

நமக்கு அந்தக் கல் சிப்பிகாட் தண்ணீர்தான்.

நம் ஆட்களில் பலர் வாடகை வீட்டிலிருந்து சொந்த மனைக்கு மாறப் பார்க்கிறோம். பேங்க்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பத்திரம், வரைபடம், மதிப்பீடு எல்லாம் நாங்கள் பார்ப்போம். 2004-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்ற கேள்வியை நான் பார்த்த எந்தக் கடன் பைலிலும் கண்டதில்லை. தாழ்வான இடம் மலிவாக வந்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களை நீங்களே கேளுங்கள். அலையேற்ற நேரத்தில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

அடுத்த ஞாயிறு வண்டூர் போகும்போது வண்டியை ஐந்து நிமிஷம் ஓரம்கட்டி, பிள்ளைகளை இறக்கி, "இது வயலா இருந்துச்சு" என்று சொல்லுங்கள். டிக்கெட் கிடையாது, க்யூ கிடையாது. வாத்தும் தெரிந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம்!